ரப்பர் தவளை

உங்கள் வீட்டில் ரப்பர் தவளை இருக்கிறதா?

இருந்தால் இந்த வாரக் கட்டுரை உங்களுக்குத்தான். இல்லாவிட்டாலும் படித்து வையுங்கள். உங்கள் மகனோ, மச்சானோ, மாடி வீட்டுக்காரரோ அடுத்த மாதம் ஒன்று வாங்கிவிடுவார்கள்.

குழந்தைகள் குளியல் தொட்டியில் போட்டு விளையாடும் பொம்மையைச் சொல்லவில்லை. இது மீன் பிடிக்கிற தவளை. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். உள்ளே காற்று. பின்பக்கம் கால்களுக்குப் பதிலாக இரண்டு ரப்பர் குஞ்சம். வயிற்றிலிருந்து கிளம்பி, முதுகோடு ஒட்டிக்கொண்டு மேலே பார்க்கிற இரண்டு முள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதாவது ஓர் ஏரிக்கரைப் பக்கம் போய்ப் பாருங்கள். தொப்பி, கூலிங் கிளாஸ், கையில் பளபளவென்று ராடு, ரீல் சகிதம் நாலு பேர் நின்றுகொண்டிருப்பார்கள். நரம்பின் நுனியில் இந்தத் தவளை தொங்கும். அவர்களுக்குப் பின்னால் ஒருவர் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருப்பார்.

நானும் அப்படி நின்றேன். அதனால்தான் எழுதுகிறேன்.

என் அக்கா வீடு குறிஞ்சிப்பாடியில். சென்ற ஐப்பசியில் போயிருந்தேன். இரண்டு நாள் நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. அக்கா மகன் நெய்வேலியில் வேலை பார்க்கிறான். லீவு நாள். "மாமா, விரால் புடிக்கப் போலாம், வர்றீங்களா?" என்றான். நான் பி.காம். படித்தவன். மீனைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் வரவு செலவுதான். குழம்பில் வரவு, பர்ஸில் செலவு. சரி, போய்த்தான் பார்ப்போமே என்று கிளம்பிவிட்டேன்.

எந்தக் குட்டை என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த ஞாயிறு நீங்கள் அங்கே நிற்பீர்கள்.

கரையெல்லாம் நெய்வேலிக் காட்டாமணக்கு. ஊதா நிறத்தில் பூத்துக் கிடந்தது. இந்தச் செடிக்கு நம் ஊர்ப் பெயரை வைத்துவிட்டோமே தவிர, அதன் பூர்வீகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. தண்ணீரில் பாதி ஆகாயத்தாமரை. அதுவும் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். நடுநடுவே அல்லி இலை, கோரை. தண்ணீர் தெரிகிற இடமே அங்கங்கே வேட்டி அகலத்துக்குத்தான். இந்தக் காட்டுக்குள் சாதாரணத் தூண்டிலை வீசினால் முள் செடியில் மாட்டிக்கொள்ளும். மீன் வராது, செடிதான் வரும்.

ரப்பர் தவளையின் சாமர்த்தியம் இங்கேதான். அதன் முள் இரண்டும் முதுகோடு படிந்திருப்பதால் எதிலும் மாட்டாது. ஆகாயத்தாமரை இலை மேலேயே விழும், தத்தித் தத்தி நடக்கும், இலைகளுக்கு நடுவே இருக்கும் ஓட்டையில் தொபுக்கென்று குதிக்கும். கீழே இருந்து விரால் ஒரே பாய்ச்சலாக வந்து கவ்வும். கவ்விய வேகத்தில் காற்றடைத்த உடம்பு நசுங்கும். அப்போதுதான் முள் வெளியே வரும். உடனே இழுக்கக் கூடாது. ஒன்று, இரண்டு எண்ணிவிட்டு இழுக்க வேண்டும். இந்தப் பாடத்தை எனக்கு அக்கா மகன் பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்தான்.

பாடம் முடிந்து அரை மணி நேரம். ஒன்றும் மாட்டவில்லை. அப்போது அவன் என் தோளைத் தட்டினான்.

"அங்க பாருங்க மாமா, குஞ்சு!"

பார்த்தேன். கோரைக்குப் பக்கத்தில், சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத் தண்ணீர் சிவந்திருந்தது. உற்றுப் பார்த்தால், நூற்றுக்கணக்கான சிறு மீன்கள். ஒவ்வொன்றும் தீக்குச்சி நீளம்கூட இல்லை. எல்லாம் ஒன்றாக மேலே வந்து மூச்சு விட்டுவிட்டு ஒன்றாகக் கீழே போயின. அந்த இடத்தில் மட்டும் தூறல் விழுகிற மாதிரி இருந்தது.

"அதுக்கு நடுவுல போடுங்க. தாய் பக்கத்துலதான் இருக்கும். சும்மா விடாது."

போட்டேன். முதல் முறை ஒன்றும் இல்லை. இரண்டாவது முறை தண்ணீர் ஒரு புரண்டு புரண்டது. மூன்றாவது முறை பாய்ந்தே விட்டது. ஒன்று, இரண்டு எண்ணினேனா என்று ஞாபகம் இல்லை. கை உதறியது. ஒன்றரைக் கிலோ இருக்கும். கரைக்கு இழுத்துப் போட்டு, தூக்கிப் பிடித்து, சிரித்துக்கொண்டே போட்டோ எடுத்துக்கொண்டேன். நாற்பது வயதுக்கு மேல் ஒரு மனிதனுக்குக் கிடைக்கிற கலப்படமில்லாத சந்தோஷங்கள் கொஞ்சம்தான். அதில் இது ஒன்று. பொய் சொல்ல விரும்பவில்லை.

ஆடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் நின்று பார்த்தார். "குஞ்சு கட்டுன விராலாச்சே, தம்பி" என்றார். திட்டவில்லை. ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் குட்டையைத் திரும்பிப் பார்த்தேன். அந்தச் சிவப்புத் தட்டு இப்போது வட்டமாக இல்லை. பிய்ந்து மூன்று நான்கு துண்டாகியிருந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் கீழே ஜிலேபிகள். பளிச், பளிச்சென்று வயிறு மின்னப் புரண்டுகொண்டிருந்தன. எங்கிருந்தோ கொக்கு ஒன்று வந்து கோரையில் உட்கார்ந்தது. "விட்டுடலாமாடா?" என்று கேட்டேன். முள் செவுளுக்குள் இறங்கியிருந்தது. விட்டாலும் பிழைக்காது.

அன்று ராத்திரி அக்கா குழம்பு வைத்தாள். சாப்பிட்டேன். ருசியாகவே இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

*

இப்போது சண்டைக்கு வருகிறேன்.

விராலின் குடும்பக் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். கெண்டை மாதிரி முட்டையைக் கொட்டிவிட்டுப் போகிற மீன் அல்ல இது. மழைத் தண்ணீர் வந்ததும் ஆழமில்லாத கரையோரமாக, செடிகளுக்கு நடுவே ஓர் இடத்தைச் சுத்தம் செய்து கூடு மாதிரி வைத்துக்கொள்கிறது. ஆயிரக்கணக்கில் முட்டை. தேன் நிறத்தில் தண்ணீர் மேல் மிதக்கும். ஒன்றிரண்டு நாளில் பொரித்துவிடும். குஞ்சுகள் செந்நிறமாகக் கூட்டமாகத் திரியும். கறுத்து, பெரிதாகி, பிரிந்து போகிறவரை வாரக்கணக்கில் காவல். நாம் தாய் விரால் என்று சொல்கிறோம். உண்மையில் காவல் நிற்பது பல சமயம் தகப்பன், சில சமயம் இரண்டு பேரும். பக்கத்தில் தவளை வந்தால் அடிக்கும். பாம்பு வந்தால் அடிக்கும். அந்த நாட்களில் அது பாய்வது பசியால் என்று நினைக்காதீர்கள். பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் வாயைத் திறக்கிறது. அந்த வாய்க்குள்தான் நாம் முள்ளை மாட்டுகிறோம்.

எந்தச் சாமர்த்தியமும் இல்லாத என் கையில் மூன்றாவது வீச்சிலேயே ஒன்றரைக் கிலோ விரால் எப்படி மாட்டியது? இப்போது புரிகிறதா? அது என் திறமை அல்ல. எதிராளி ஓட முடியாது. ஓடினால் பிள்ளைகள் போச்சு. ஓட முடியாதவனோடு விளையாடுவதற்குப் பெயர் விளையாட்டா?

"ஸ்போர்ட் ஃபிஷிங்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரில் ஸ்போர்ட் இருக்கிறது. ஸ்போர்ட் என்றால் விதி இருக்க வேண்டுமே, எங்கே?

இந்தச் சாமான்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் விஷயம் இன்னும் விளங்கும். மெத்தென்ற பிளாஸ்டிக் இரையை அமெரிக்காவில் பிரபலமாக்கியவர் நிக் க்ரீம் என்பவர். 1949-ல் ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரத்தில், வீட்டு அடுப்பில் பிளாஸ்டிக்கைக் காய்ச்சி மண்புழு மாதிரி வார்த்தார். அங்கே அதற்கு அகப்பட்ட மீன் பாஸ். 'லார்ஜ்மவுத்' என்பார்கள், பெரிய வாய் பாஸ். செடி மண்டிய குட்டைகளில் ஒளிந்திருந்து பாய்கிற ஜாதி. முள்ளின் கூரை அந்தப் பிளாஸ்டிக் புழுவுக்குள்ளேயே செருகி மறைத்துவிட்டால் எந்தச் செடிக்குள்ளும் வீசலாம் என்று கண்டுபிடித்தார்கள். அப்புறம் பல்லி, நண்டு, தவளை என்று ஒரு மிருகக்காட்சி சாலையே வந்தது. நம் ஊரில் அதே மாதிரி செடிக்குள் இருந்து பாய்கிற மீன் எது? விரால். ஆகவே தவளை கப்பலேறி வந்தது.

பாஸ் மீனும் பிள்ளை வளர்க்கிற மீன்தான். அங்கே அம்மா முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அப்பா மட்டும் கூட்டிலேயே நின்று முட்டையையும் குஞ்சையும் காக்கும். பக்கத்தில் எது வந்தாலும் கவ்வும். அதாவது நம் விரால் கதையேதான்.

அங்கே என்ன செய்தார்கள்? அமெரிக்காவில் தூண்டில் போட மாநில அரசிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும். எத்தனை மீன், எவ்வளவு நீளம் என்று கணக்கு உண்டு. ரே ஸ்காட் என்ற இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் 1968-ல் பாஸ் பிடிப்பவர்களுக்கு ஒரு சங்கம் ஆரம்பித்தார். பணப் போட்டி, பரிசு என்று அதை ஒரு பெரிய தொழிலாகவே ஆக்கியவர் அவர். அப்பேர்ப்பட்டவரே 1972-ல், போட்டியில் பிடித்த மீனைக் கொல்லாதே, உயிரோடு விடு என்று பிரசாரம் ஆரம்பித்தார். மீன் இருந்தால்தான் போட்டி, போட்டி இருந்தால்தான் காசு. வியாபாரிக்கு இது சீக்கிரம் புரிந்துவிடும்.

அமெரிக்காவை விடுங்கள். கனடாவில், டொராண்டோவில் உங்கள் சொந்தக்காரர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். ஒன்டாரியோ மாநிலத்தின் பல பகுதிகளில் பாஸ் சீஸன் ஜூன் மாதப் பிற்பகுதியில்தான் தொடங்கும் என்பது நெடுங்கால வழக்கம். அதற்கு முந்தின வாரங்களில் ஏன் கூடாது? அப்பாக்கள் கூட்டில் நிற்கிற காலம்.

நாம் ராடை வரவழைத்தோம். ரீலை வரவழைத்தோம். தவளையை வரவழைத்தோம். தொப்பியைக்கூட வரவழைத்தோம். அந்தப் பெட்டிக்குள் ஒரு துண்டுக் காகிதமும் இருந்தது. அதில் விதி எழுதியிருந்தது. அதை மட்டும் பிரிக்காமல் குப்பையில் போட்டுவிட்டோம்.

*

இனி வரப்போகிற பதில்கள் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"சார், வெளிநாட்டு வீடியோவிலேயே குஞ்சுக் கூட்டத்துக்கு நடுவில்தான் சார் போடுகிறார்கள்."

ஆமாம். எந்த வெளிநாடு என்று பார்த்தீர்களா? அமெரிக்காவில் விரால் ஜாதி வந்தேறி. 2002-ல் மேரிலாண்ட் மாநிலத்தில் கிராஃப்டன் என்ற ஊரில் ஒரு சிறிய குட்டையில் சீன நாட்டு விரால் ஒன்று குஞ்சு பொரித்துவிட்டது என்று நாடே அலறியது. குட்டைக்கு மருந்து ஊற்றி அத்தனை மீனையும் கொன்றார்கள். அதே வருடம் விரால் இனம் மொத்தத்தையும் உயிரோடு இறக்குமதி செய்யக் கூடாது என்று மத்திய அரசு தடை போட்டது. அங்கே காவல் நிற்கிற விராலைப் பிடிப்பது ஏரிக்குச் செய்கிற உபகாரம். இங்கே விரால் வீட்டுக்காரன். அவன் வாசலில் போய் அங்கே செய்வதையே செய்தால் அதற்குப் பெயர் வேறு.

"நாங்கள் பிடித்துவிட்டு உயிரோடு விட்டுவிடுகிறோமே?"

மற்ற நாட்களில் செய்யுங்கள், கும்பிடுகிறேன். குஞ்சு இருக்கும்போது அது போதாது. நீங்கள் மீனை இழுத்து, முள் கழற்றி, தராசில் தொங்கவிட்டு, மூன்று கோணத்தில் போட்டோ எடுத்து முடிக்கப் பத்து நிமிடம். ஜிலேபிக்கு அவ்வளவு நேரம் வேண்டாம். அதுவும் வந்தேறிதான். 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தோம். இன்று அது இல்லாத குட்டையைக் காட்டுங்கள் பார்ப்போம். களைத்துப்போய்த் திரும்புகிற தகப்பனுக்கு, காவல் காக்கக் குஞ்சு மிச்சம் இருக்க வேண்டுமே.

"குஞ்சில் முக்கால்வாசி எப்படியும் சாகத்தானே போகிறது?"

சரியான பேச்சு. ஆயிரத்தில் சில பிழைத்தாலே பெரிது. அந்தச் சிலதையும் பிழைக்க வைப்பது இந்தச் சில வாரக் காவல்தான். இதைக் கணக்கு வாத்தியார் மாதிரி சொல்கிறேன். நான் பிடித்த விராலின் விலை, கிலோவுக்கு இவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். அது வரவுப் பக்கத்தில் வரும். செலவுப் பக்கத்தில் தூண்டில், பெட்ரோல், டீ. லாபம் என்று கணக்கை முடித்துவிடுகிறோம். போன குஞ்சுகளை எந்தப் பக்கமும் எழுதவில்லை. வட்டி எடுக்கப் போய் அசலையே எடுத்துக்கொண்டு வந்துவிட்டு, லாபம் என்று எழுதுகிற கம்பெனி எத்தனை வருடம் நடக்கும்? பி.காம். முதல் வருடத்துப் பையன் சொல்வான்.

"குத்தகைக்காரன் வலை போட்டு ஏரியையே வழித்து எடுக்கிறானே. பேட்டரி வைத்து ஷாக் கொடுத்துப் பிடிக்கிறானே. அவனை விட்டுவிட்டு ஒற்றைத் தூண்டில்காரனைப் பிடித்துக்கொண்டீர்களே?"

இதுதான் அவர்களுடைய பெரிய அஸ்திரம். பாதி நியாயமும் இருக்கிறது. அவர்களை நான் விடவில்லை. 1897-ம் வருட இந்திய மீன்வளச் சட்டத்திலேயே வெடி வைத்தோ விஷம் கலந்தோ மீன் கொல்லக் கூடாது என்று இருக்கிறது. வலைக் கண் எவ்வளவு இருக்க வேண்டும் என்று விதி போடவும் அந்தச் சட்டம் மாநிலங்களுக்கு அதிகாரம் கொடுத்தது. அதெல்லாம் கரையில் நடைமுறைக்கு வர வேண்டும் என்று கேட்போம், சத்தமாகவே கேட்போம். ஆனால், ஒன்று யோசியுங்கள். குத்தகைக்காரன் பிழைப்புக்காகச் செய்கிறேன் என்பான். அது பொய்யாகவே இருக்கட்டும், சொல்ல ஒரு காரணமாவது இருக்கிறது. உங்களுக்கும் எனக்கும் என்ன காரணம்? மாதச் சம்பளம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை பொழுது போகவில்லை. பொழுதுபோக்குக்காகக் கொல்கிறவன், பிழைப்புக்காகக் கொல்கிறவனைவிட ஒரு மடங்கு கூடுதல் ஒழுங்காக இருக்க வேண்டாமா?

"எங்க தாத்தா காலத்திலிருந்து குஞ்சு விராலைத் தவளை கட்டித்தான் பிடிக்கிறோம்."

பிடித்தார்கள். கிராமத்து மனுஷனெல்லாம் இயற்கையின் தவப்புதல்வன் என்று கண்ணீர் வடிக்கிற கட்சி நான் இல்லை. மூங்கில் கழியில் உயிர்த் தவளையைக் கட்டி, அதே இடத்தில்தான் போட்டார்கள். ஆனால், அது யார்? அந்த ஊர்க்காரர் ஒருவர், அந்த ஊர்க் குட்டையில். அவர் கழி நீளம் எவ்வளவோ அவ்வளவுதான் அவர் எல்லை. இன்றைக்கு ரீல் இருப்பதால் குட்டையின் நடு மண்டைக்கே தவளை போகிறது. வீடியோ போட்டால் அடுத்த ஞாயிறு கடலூர், பாண்டிச்சேரி, சென்னை நம்பர் பிளேட்டுகள் வரிசையாக வந்து நிற்கின்றன. ஊர்க்காரருக்கு அந்தக் குட்டை அடுத்த வருடமும் வேண்டும். வந்தவருக்கு அடுத்த வருடம் அடுத்த குட்டை.

"வள்ளலார் வாழ்ந்த மண்ணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, மீனைப் பிடிக்கலாம், ஆனால் இப்படிப் பிடிக்காதே என்கிறீர்களே, வெட்கமாக இல்லையா?"

இந்தக் கேள்வி மறுபக்கத்திலிருந்து வரும். குறிஞ்சிப்பாடி வட்டத்தில்தான் வடலூர் இருக்கிறது. 1867-ல் வள்ளலார் அங்கே தருமசாலை தொடங்கினார். புலால் வேண்டாம் என்றவர். அவர் வழியில் முழுசாகப் போகிறவர்களுக்கு நான் சொல்ல எதுவும் இல்லை, தலை வணங்குகிறேன். என் கட்டுரை அவர் சொன்னதைக் கேட்க முடியாத என்னைப் போன்ற மீன் தின்னிகளுக்கு. முழுக் கருணை முடியாவிட்டால் கால் கருணையும் வேண்டாம் என்று எங்கே எழுதியிருக்கிறது?

*

குறிஞ்சிப்பாடியிலிருந்து பஸ் ஏறினால் சீக்கிரமே கடலூர் துறைமுகம். அங்கே போய்ப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. மீன் இனப்பெருக்கக் காலம். 2001-ல் 45 நாளாக ஆரம்பித்த தடை, 2017-லிருந்து 61 நாள் ஆனது. கடனில் படகு வாங்கியவர், டீசலுக்கும் ஐஸுக்கும் கடன் வைத்தவர், அத்தனை பேரும் வலையைத் தைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். மீனை நம்பிச் சோறு தின்கிறவன் மீனுக்காக 61 நாள் பொறுக்கிறான். மீனை நம்பி 'லைக்' தின்கிறவனால் ஒரு குஞ்சுக் கூட்டத்தைத் தாண்டிப் போக முடியாதா?

ஏரி மீனுக்கும் அப்படித் தேதி போட்டுத் தடை கேட்கலாமே என்பீர்கள். எனக்கு அதில் சந்தேகம் உண்டு. விரால் தேதி பார்த்துக் குஞ்சு பொரிப்பதில்லை. மழையோடு அதிகம், ஆனால் தண்ணீர் தேங்கிய இடத்தில் மற்ற மாதங்களிலும் பொரிக்கும். நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து இறைத்துவிடும் தண்ணீர் வாலாஜா ஏரிக்கும், பரவனாறு வழியாகப் பெருமாள் ஏரிக்கும் வருகிற பகுதி இது. இங்கே ஐப்பசி, கார்த்திகை மட்டும்தான் தண்ணீர்க் காலம் என்று சொல்லிவிட முடியாது.

ஆனால், விரால் விஷயத்தில் இயற்கை நமக்கு ஒரு சலுகை செய்திருக்கிறது. வயிற்றில் முட்டை இருக்கிறதா என்று தெரியாத மீன்கள் ஆயிரம். விரால் மட்டும் தன் பிள்ளைகளைத் தண்ணீர் மேலேயே, சிவப்பு நிறத்தில், வட்டமாகப் பரப்பிக் காட்டுகிறது. விஞ்ஞானி வேண்டாம். கருவி வேண்டாம். கண் போதும். சிக்னலில் சிவப்பு விழுந்தால் நிற்க வேண்டும் என்று ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். ஏரியிலும் அதே நிறம்தான் சார்.

தமிழுக்கு இது புதிதும் அல்ல. தொல்காப்பியத்தின் மரபியல் இளமைக்கு ஒன்பது பெயர் சொல்கிறது. முதல் பெயர் பார்ப்பு. பக்கத்தில் கேரளத்தில் வரால் குஞ்சுக் கூட்டத்தை இன்றைக்கும் பார்ப்பு என்றே சொல்கிறார்கள். அவர்கள் 2010-ல் உள்நாட்டு மீன்வளத்துக்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். முதல் மழையில் முட்டையிட வயலுக்கு ஏறி வரும் மீனை வழிமறித்துப் பிடிப்பதை, 'ஊத்த' என்பார்கள், சட்டப்படி குற்றம் என்கிறார்கள். எல்லாரும் கேட்டுவிட்டார்களா? இல்லை. ஆனால், தப்பு என்று அங்கே ஒரு பலகையாவது சொல்கிறது. நம் பக்கத்து ஏரிக் கரைகளில் 'ஆழமான பகுதி, குளிக்காதீர்' பலகை பார்த்திருக்கிறேன். குத்தகைதாரர் பெயர் எழுதிய பலகை பார்த்திருக்கிறேன். குஞ்சு விராலைப் பிடிக்காதே என்ற பலகையை நான் இதுவரை பார்த்ததில்லை.

இன்னொன்று. செடிக்குள் அறுந்துபோகிற தவளையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரப்பர், ரப்பர் என்கிறோம். மெத்தென்ற இரைகளில் பெரும்பாலானவை எண்ணெய் மாதிரி ஒரு ரசாயனம் சேர்த்து மென்மையாக்கிய பி.வி.சி. பிளாஸ்டிக்தான். உங்கள் வீட்டுக் குழாயின் பங்காளி. மக்காது. அறுந்த நரம்பும் மக்காது. அது கொக்கின் காலில் சுற்றிக்கொண்டால் கத்திரிக்கோல் எடுத்துக்கொண்டு யார் போவார்கள்? 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குத் தடை. கடையில் கேரி பேக் கேட்டால் முறைக்கிறோம். ஏரியில் பிளாஸ்டிக் தவளையை அறுத்துவிட்டு வருகிறவரை யாரும் முறைப்பதில்லை.

*

நான் கேட்பது மூன்றே மூன்று. ஒன்றுக்கும் பெரிய செலவு இல்லை.

தூண்டில் போடுகிறவர்களுக்கு: சிவப்புக் குஞ்சுக் கூட்டம் தெரிந்தால் தவளையைச் சுருட்டிக்கொண்டு ஐம்பதடி தள்ளிப் போங்கள். வீடியோ எடுக்கிறவரானால், குஞ்சுக்கு நடுவே வீசுகிற காட்சியைப் போடாதீர்கள். அதைத் தவிர்த்துவிட்டுத் தள்ளிப் போன காட்சியைப் போடுங்கள். உங்களைப் பார்த்துப் பத்தாயிரம் பையன்கள் கற்றுக்கொள்கிறார்கள்.

தூண்டில் சாமான் விற்கிற கடைக்காரர்களுக்கு: தவளை பாக்கெட்டில் ஒரு வரி ஒட்டுங்கள். 'குஞ்சோடு இருக்கும் விராலுக்கு அல்ல.' விரால் இருந்தால்தானே அடுத்த வருடமும் தவளை விற்கும்? ரே ஸ்காட்டுக்குப் புரிந்தது உங்களுக்குப் புரியாதா?

அரசாங்கத்துக்கு: ஏரி மீன் குத்தகைப் பத்திரத்தில் ஒரு நிபந்தனை. கரையில் ஒரு பலகை. பெயின்டர் கூலி நான் தருகிறேன்.

அந்த ஐப்பசிப் போட்டோ இன்னும் என் செல்போனில் இருக்கிறது. விராலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறேன். போட்டோவின் ஓரத்தில் கோரை. கோரைக்குப் பக்கத்தில், பெரிதாக்கிப் பார்த்தால், தண்ணீர் கொஞ்சம் சிவப்பாக இருக்கிறது.

பொங்கலுக்கு மறுபடி அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகன் ராடைத் துடைத்து வைத்திருந்தான். அதே குட்டைக்குப் போனோம். ரொம்ப நேரம் நின்றோம். அல்லிக்குப் பக்கத்தில் தண்ணீர் தூறல் மாதிரி புள்ளி புள்ளியாக அசைந்தது. இரண்டு பேருமே பார்த்தோம்.

அவன்தான் முதலில் ரீலைச் சுற்றினான். "அந்தப் பக்கம் போயிடலாம் மாமா" என்றான்.

அந்தப் பக்கத்தில் அன்றைக்கு ஒன்றும் மாட்டவில்லை. வருகிற வழியில் கடையில் கெண்டை வாங்கிக்கொண்டு போனோம்.